இறந்தவர் பெயரில் ஓடும் வண்டிகள்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வணிகவியல் மாணவி)

மனிதனுக்கு உயிர் ஒருமுறைதான் போகிறது. அவன் பெயர் ஏடுகளை விட்டுப் போவதற்கோ பல படிகள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. குடும்ப அட்டையில் அவன் பெயர் நிற்கிறது. வீட்டு வரி ரசீதில் நிற்கிறது. மின் இணைப்பில் நிற்கிறது. வங்கிக் கணக்கில் நிற்கிறது. இவை இருந்த இடத்தில் இருக்கும் ஏடுகள். சில மாதம் பொறுத்துப் பார்த்தாலும் பெருங்கேடு வந்துவிடாது. ஆனால் நாள்தோறும் தெருவில் ஓடி, பிறர் உயிருக்கும் உடலுக்கும் பொறுப்பேற்கிற ஓர் உடைமையிலும் அவன் பெயர் நிற்கிறது. அதுதான் வண்டி. ஓட்டுகிறவன் உயிரோடு இருக்கிறான். உரிமையாளர் கல்லறையில் இருக்கிறார். இப்படி ஓடும் வண்டிகள் நம் ஊர்களில் கொஞ்சமல்ல.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. வீட்டுத் தலைவர் இறந்தால் அவர் பெயரில் உள்ள வண்டியை, சட்டம் குறித்த காலத்துக்குள், வீட்டார் அனைவரும் அறிய, உரியவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதால் வரும் கேடு பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களின் தலையில்தான் விடிகிறது. அதைத் தடுக்கும் ஆற்றல் எழுதப் படிக்கத் தெரிந்த நம் போன்ற பிள்ளைகளுக்கு உண்டு.

கடற்கரையில் சக்கரங்கள்

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில். வெளியூர்த் தோழிகள் தூத்துக்குடி என்றதும் முத்து என்பார்கள். எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்றது 1961ஆம் ஆண்டில். இன்று எங்கள் கரையில் சோறு போடுவது வள்ளத்து மீனும் சங்கும்தாம். பக்கிள் ஓடை கடலில் கலக்கும் இடத்தை அடுத்து வள்ளங்கள் வந்து நிற்கும். மீன் கரையேறும், ஏலம் போகும். அதன்பின் நடப்பது எல்லாம் சக்கரத்தின் மேல்தான். ஐஸ் போட்ட பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோக்கள் புறப்படும். கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு மொபெட்டுகள் உள்ளூர்த் தெருக்களுக்குப் பிரியும். தலைச்சுமை மீன்காரப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஓர் ஆட்டோவைப் பேசிக்கொள்வார்கள். கடல் தருவதைக் காசாக்கித் தருவது வண்டிதான் என்றால் மிகையாகாது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். வள்ளத்தின் உரிமையாளர் இறந்துவிட்டால், மீன்துறையில் பெயர் மாற்றும் வேலையை வீட்டார் விரைவாகவே பார்க்கிறார்கள். காரணம், வரிவிலக்கு டீசல் வள்ளத்தின் பதிவைப் பார்த்தே கிடைக்கிறது. பெயர் மாறாவிட்டால் டீசல் நிற்கும். டீசல் நின்றால் தொழில் நிற்கும். லோடு ஆட்டோவின் கதை வேறு. பெட்ரோல் பங்க்கில் யாரும் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பதில்லை. சாவியைத் திருப்பினால் வண்டி ஓடுகிறது. ஓடுகிற வண்டிக்கு என்ன குறை என்று விட்டுவிடுகிறார்கள். குறை அன்றாடம் கண்ணில் படுவதில்லை. படுகிற நாளில் தாங்க முடிவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவும், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 56ஆம் விதியும் இதைப் பற்றிப் பேசுகின்றன. செய்தி எளியது. உரிமையாளர் இறந்தபின் வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர், இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை அதைத் தம் பெயருக்கு மாறியதைப் போலவே பயன்படுத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை. இறந்த 30 நாளுக்குள், ‘உரிமையாளர் இறந்துவிட்டார், வண்டியை நான் பயன்படுத்தப் போகிறேன்’ என்று பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பிறகு அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு விதி கேட்பவை நான்கு: கட்டணம், இறப்புச் சான்றிதழ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் சான்று.

வாடகைக்கு ஆள் ஏற்றும் ஆட்டோவாக இருந்தால் பர்மிட்டும் இறந்தவர் பெயரில் இருக்கும். அதற்கும் 82ஆம் பிரிவு இதே கணக்கைத்தான் சொல்கிறது; 30 நாளில் தகவல், மூன்று மாதத்தில் விண்ணப்பம். சரக்கு ஏற்றும் சிறிய லோடு ஆட்டோக்களில் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாதவற்றுக்குப் பர்மிட் தேவையில்லை. கடன் வாங்கி எடுத்த வண்டியாக இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கும், அந்த நிறுவனம் எழுத்தில் இசைந்தால் அன்றி உரிமை மாற்றம் பதிவாகாது. இது 51ஆம் பிரிவு.

வணிகவியல் மாணவர்கள் ஒப்பந்தச் சட்டத்தையும் சரக்கு விற்பனைச் சட்டத்தையும் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்கிறோம். நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றிய இந்த மூன்று பிரிவுகளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தாமதம் எங்கே பிறக்கிறது?

சட்டம் நான்கு தாள்களைக் கேட்கிறது என்றேன். நடைமுறை அதற்கு மேலும் கேட்கிறது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும். மற்ற வாரிசுகள் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்த உறுதிமொழி வேண்டும். இப்படிக் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டி கைக்கு வந்தவனெல்லாம் உரிமையாளன் என்று ஏற்றுக்கொண்டால், சாவியை முதலில் எடுத்தவனுக்கே வண்டி என்றாகிவிடும் அன்றோ?

ஆனால் கணக்கைப் பாருங்கள். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள். அதன்பின் இறப்புச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். அதை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு. கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை, வட்டாட்சியர் ஒப்பம். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் மனு திரும்பி வரும். எங்கள் பகுதியில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றாகவும், அழைக்கும் பெயர் ஒன்றாகவும், ஆதார் அட்டையில் உள்ள எழுத்து இன்னொன்றாகவும் இருப்பது வழக்கம். ஆகவே வாரிசுச் சான்றிதழ் கைக்கு வருமுன்னே சட்டம் கொடுத்த மூன்று மாதமும் கரைந்துவிடுவது உண்டு.

இதற்கிடையில் துக்கம் இருக்கிறது. கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்த பெண்ணிடம், ‘மதினி, ஆர்.சி. புத்தகம் எங்கே?’ என்று கேட்க யாருக்கு வாய் வரும்? கேட்டால், ‘ஈரம் காயுமுன் சொத்துக்கு வந்துவிட்டான்’ என்ற பேச்சு எழும். நாற்பதாம் நாள் கழியட்டும் என்பார்கள். பிறகு ஆண்டு நினைவு கழியட்டும் என்பார்கள். இறந்தவர்மேல் கொண்ட அன்பினாலேயே தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் இறந்தவரின் அன்பு யாரைக் காப்பாற்ற நினைத்ததோ, அவர்களையே இந்தத் தாமதம் காப்பற்றவர்களாக்குகிறது.

தாமதத்தின் விலை

பெயர் மாற்றாததற்குத் தண்டம் சிறியதுதானே என்று சிலர் கேட்கலாம். தண்டம் சிறியதுதான், ஆனால் விலை அங்கே இல்லை.

முதலாவது, இன்சூரன்ஸ். உரிமையாளர் ஒருவரே காப்பீடு செய்திருந்து அவர் இறந்துவிட்டால், முழுக் காப்பு பாலிசி உடனே செத்துப்போவதில்லை. மூன்று மாதம் வரை, அல்லது பாலிசியின் காலம் முடியும் வரை, இவற்றில் எது முந்தியோ அதுவரை உயிரோடிருக்கும். அதற்குள் வாரிசுகள் அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது புதிது எடுக்க வேண்டும். பலர் என்ன செய்கிறார்கள்? ஆண்டுதோறும் இறந்தவர் பெயரிலேயே பணத்தைக் கட்டிப் புதுப்பிக்கிறார்கள். பணத்தைக் கட்டினால் ரசீது வரத்தான் செய்யும். ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் வேண்டும் என்பது நமக்கு முதலாண்டிலேயே சொல்லித்தந்த பாடம். ஒரு தரப்பு மண்ணுக்குள் இருக்கும்போது அந்த ரசீது எந்த அளவுக்குத் துணை நிற்கும்? வண்டி நொறுங்கினாலோ, களவு போனாலோ, ‘காப்பீடு செய்தவர் யார்?’ என்பதுதான் முதற் கேள்வியாக வரும்.

இரண்டாவது, விபத்து. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரையே உரிமையாளர் என்கிறது. 2018ஆம் ஆண்டு நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லியது. வண்டி ஒருவரிடமிருந்து ஒருவராகக் கைமாறியிருந்தும், பதிவேட்டில் பெயர் நின்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது தீர்ப்பு. அது உயிரோடு இருந்த உரிமையாளரைப் பற்றிய வழக்கு. பெயர் நின்றவர் இறந்தவராக இருந்தால், வழக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தைத் தேடி வாரிசுகளின் வாசலுக்கு வரும். மகன் ஓட்டிய வண்டிக்கு, ஒரு நாளும் அதில் ஏறாத தாயும், கட்டிக்கொடுத்துப் போன மகளும் நீதிமன்றப் படியேற வேண்டிவரும்.

மூன்றாவது, ஓட்டுகிற பிள்ளையின் உயிர். வண்டியின் உரிமையாளரே ஓட்டிச்சென்று விபத்தில் இறந்தால் 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் ஓட்டுகிறவர் பதிவு பெற்ற உரிமையாளராகவும், பாலிசியில் பெயர் உள்ளவராகவும், உரிமம் உடையவராகவும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டுகிறான் என்றால் அந்தக் காப்பு அவனைச் சேராது. அப்பாவைப் பறிகொடுத்த வீடு மகனையும் பறிகொடுத்தால், அந்த 15 லட்சமும் இல்லை. இதைவிடப் பெரிய தண்டம் என்ன இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் உண்டு. மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஒன்றே முதல். தலைவர் நெஞ்சு வலியில் இறந்தார். இரண்டாண்டு அவர் பெயரிலேயே வண்டி ஓடியது. எப்.சி.க்குக் கொண்டு போன இடத்தில் சிக்கல் வந்தது. அதற்குள் வாரிசுகளில் ஒரு மகன் வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய கையெழுத்துக்காக மாதங்கள் காத்திருந்தார்கள். வண்டி வாசலில் நின்றது. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடுமா? கடைசியில் பெயர் மாறியபோது வண்டியின் அடித்தகடு அரித்துப் போயிருந்தது. அந்த அம்மா இன்று பிறர் வண்டிக்கு வாடகை கொடுத்து மீன் ஏற்றுகிறார். முதல் மாதத்தில் எளிதாக வாங்கியிருக்கக்கூடிய ஒரு கையெழுத்தின் விலை அது.

செத்தவர் கையெழுத்து

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் குறுக்கு வழி ஒன்று சந்தையில் சொல்லப்படுகிறது. ‘இறந்ததையே சொல்ல வேண்டாம் அண்ணாச்சி, 29, 30 படிவத்தில் அவர் கையெழுத்தைப் போட்டு விற்றதாகக் காட்டிவிடலாம்’ என்று சில தரகர்கள் ஓதுகிறார்கள். 29ஆம் படிவமும் 30ஆம் படிவமும் உயிரோடு இருப்பவர் விற்கும்போது பயன்படுத்துவதற்கு உரியவை. இறந்தவர் கையெழுத்தைப் போடுவது பொய்க் கையெழுத்து, குற்றம். அவர் உயிரோடிருந்தபோது யாருக்கேனும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலும், அவர் இறந்த நாளோடு அந்த முகவாண்மை முடிந்தது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு சொல்கிறது.

குற்றம் என்பதோடு நிற்பதில்லை இது. இந்தக் குறுக்கு வழியில் வாரிசுகளின் பெயரே எங்கும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். யார் பேனாவைப் பிடித்தாரோ அவர் கைக்குப் பணம் போகிறது. மனைவிக்கோ மகளுக்கோ பங்கு உண்டு என்பதற்குத் தாளில் அடையாளமே இல்லை. குறுக்கு வழி யாருக்குக் குறுக்கே நிற்கிறது என்று பார்த்தால், வீட்டுப் பெண்களுக்குத்தான்.

யாருடைய வண்டி?

‘ஒரு பழைய வண்டிக்கு இவ்வளவு பேச்சா?’ என்று கேட்போர் உண்டு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் முன்னோர் மொழி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,60,000 ரூபாய் பெறுமான ஒரு வண்டி. உரிமையாளர் தம் உழைப்பில் வாங்கியது, கடன் இல்லை, உயில் இல்லை. அவருக்குத் தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். தந்தை முன்பே இறந்துவிட்டார்.

அவர் இந்துவாக இருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐவருக்கும் சமபங்கு. தலைக்கு 72,000 ரூபாய். கிறித்தவராக இருந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 1,20,000 ரூபாய். மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக 80,000 ரூபாய் வீதம். பிள்ளைகள் இருப்பதால் தாய்க்குப் பங்கு இல்லை. முஸ்லிமாக இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று, 45,000 ரூபாய். தாய்க்கு ஆறில் ஒன்று, 60,000 ரூபாய். மீதியில் மகனுக்கு 1,27,500, மகள்களுக்கு 63,750 வீதம்.

எங்கள் கடற்கரையில் இம்மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்கிறோம். பங்கின் அளவு வேறுபடுகிறது. ஆனால் ஒன்று மட்டும் மூன்றிலும் பொது. எந்தச் சட்டத்திலும் மகன் ஒருவனுக்கே வண்டி முழுதும் என்று இல்லை. மனைவியை வெறுங்கையோடு அனுப்பும் சட்டமும் இல்லை. வழக்கத்தில் மட்டும், ‘ஓட்டுகிறவன் மகன், ஆகவே வண்டி மகனுடையது’ என்று முடித்துவிடுகிறோம். தாய்க்கும் தங்கைக்கும் முன்னால் ஒரு தாளை நீட்டி, ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்கிறோம். அந்தத் தாளில் பெயர் மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று மட்டும் எழுதியிருக்கிறதா, பங்கையே விட்டுக் கொடுத்ததாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்கிறவர் யார்? இரண்டும் ஒன்றல்ல. ஆர்.சி. புத்தகத்தில் ஒருவர் பெயர் ஏறுவது ஓட்டத்துக்கான ஏற்பாடு. மற்றவர் பங்கு அதனால் மறைந்துவிடாது. மறைய வேண்டுமானால் அவர்கள் அறிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. அறியாமல் இழப்பதுதான் தவறு.

வீட்டை நடத்துகிறவர் தாய் என்றால் வண்டியைத் தாய் பெயரிலேயே மாற்றலாம் என்பது என் கருத்து. ‘அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதே’ என்பார்கள். உரிமையாளராக இருப்பதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஓட்டுகிற மகனுக்கோ கூலிக்கு வரும் ஓட்டுநருக்கோ தனிக் காப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூடுதல் செலவு தாங்கக்கூடியதுதான். வண்டி தாய் பெயரில் இருந்தால், நாளை மகன் மணமாகித் தனிக்குடித்தனம் போனாலும் தாயின் கையில் ஒரு முதல் இருக்கும். ஏலத்தில் குரல் கொடுத்து மீன் எடுக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஒரு லோடு ஆட்டோவை ஆளத் தெரியாதா?

நாமினி என்பவர் யார்?

வண்டியின் பதிவிலேயே நாமினி ஒருவரைக் குறிக்கலாம் என்று 2021ஆம் ஆண்டு மத்திய விதிகளில் திருத்தம் வந்தது. உரிமையாளர் இறந்தால், அவர் குறித்த நாமினி 30 நாளில் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா, மிசௌரி போன்ற மாநிலங்களில் தமக்குப் பின் வண்டி இன்னாருக்கு என்று உரிமைத் தாளிலேயே பதிந்து வைக்கும் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டுக்கும் நம்முடையதற்கும் ஒரு வேற்றுமையை மறக்கக் கூடாது. நம் நாட்டில் நாமினி என்பவர் கையில் வாங்கி வைத்துக்கொள்பவர், உரிமை வாரிசுகளுக்கே. ஆயுள் காப்பீட்டில் 1984ஆம் ஆண்டு சர்பதி தேவி வழக்கிலும், கம்பெனிப் பங்குகளில் 2023ஆம் ஆண்டு சக்தி யெஸ்தானி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து இதுவே. வண்டிக்கும் அதே நோக்கில்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நாமினியைக் குறித்துவைத்தால் வேலை எளிதாகும். பங்குக் கணக்கு அப்படியே நிற்கும்.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே அந்த இடத்தை நிரப்பி வைப்பது நல்லது. ‘சாவைப் பற்றி இப்போதே ஏன் பேச வேண்டும்?’ என்று வீட்டில் சினம் கொள்வார்கள். கடலுக்குப் போகிறவர்கள் நாள்தோறும் சாவைத் தொட்டுத் திரும்புகிறவர்கள். அவர்கள் சாவுக்கு அஞ்சுவதில்லை, தாளுக்குத்தான் அஞ்சுகிறார்கள்.

கடல் கொண்டவர்கள்

இங்கே எங்கள் கரைக்கே உரிய ஒரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். சங்கு குளிக்கப் போனவரும் வள்ளத்தில் போனவரும் சில வேளை திரும்புவதில்லை. உடலும் கிடைப்பதில்லை. உடல் இல்லை என்றால் இறப்புச் சான்றிதழ் எளிதில் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லை என்றால் வாரிசுச் சான்றிதழ் இல்லை. பெயர் மாற்றமும் இல்லை. ஒருவரைப் பற்றி ஏழாண்டு தகவல் இல்லாதிருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் வகுத்த நெறி. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2017 ஒக்கிப் புயலுக்குப் பின்னும், காணாமற்போனோர் குடும்பங்களுக்காக அரசு இந்தக் காத்திருப்பைத் தளர்த்தித் தனி நடைமுறை வகுத்தது. பேரிடரில் நூறு பேர் மறைந்தால் தளரும் விதி, சாதாரண நாளில் ஒருவர் மறைந்தால் ஏன் தளரக் கூடாது? ஒருவரை இழந்த வீட்டுக்கு அந்த ஒரு நாள்தான் பேரிடர். உடன் சென்றவர்கள் வாக்குமூலமும் கடலோரக் காவலரின் தேடல் அறிக்கையும் இருக்கும்போது, அவற்றை வைத்து விரைந்து முடிவெடுக்க நிலையான வழி ஒன்று வேண்டும்.

செய்யத்தக்கவை

அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள்கள் சில. 30 நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்ட குடும்பத்துக்கு, மூன்று மாதக் காலத்தை வாரிசுச் சான்றிதழ் கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். ஓர் அலுவலகம் தரும் சான்றுக்குக் காத்திருந்ததற்காக இன்னோர் அலுவலகம் தண்டம் விதிப்பது முறையாகுமா? அடுத்து, இறப்புச் சான்றிதழ் வழங்கும்போதே, எந்தெந்த ஏட்டில், எத்தனை நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்று எளிய தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆட்சேபணை இல்லை என்னும் உறுதிமொழியைக் கையெழுத்திடுபவருக்குப் படித்துக் காட்டிய பின்னரே ஏற்க வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரிக்கு வருகிற பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படியேறியவர்கள். நம் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும், ‘பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்’ என்று நம் கையில்தான் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் உரியவராக வேண்டும். இந்த விடுமுறையில் வீட்டு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? கடன் முடிந்திருந்தால் கடன் கொடுத்தவர் பெயர் நீக்கப்பட்டதா? நாமினி குறித்திருக்கிறதா? பதிவில் உள்ள கைப்பேசி எண் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? ஆதாரிலும் ஆர்.சி.யிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா? துக்கம் நேர்ந்த வீடாக இருந்தால், அந்த 30 நாள் தகவல் கடிதத்தை நாமே எழுதிக் கொடுக்கலாம். ஒரு பக்கம் போதும். கையெழுத்துக் கேட்டு வரும் தாளைத் தாய்க்கும் பாட்டிக்கும் வரிவரியாகப் படித்துக் காட்டலாம்.

பேராசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை அமைக்கிறோம், மரம் நடுகிறோம். ஒரு நாள் முகாமை, படிவம் நிரப்பித் தரும் முகாமாக நடத்தினால் என்ன? வணிகவியல் மாணவர் படிவம் நிரப்பட்டும். தமிழ் மாணவர் மனு எழுதட்டும். வகுப்பில் கற்ற சட்டம் கடற்கரை மணலில் ஒருமுறை காலூன்றி நிற்கட்டும்.

இறந்தவரை மறக்கச் சொல்லவில்லை. அவர் படம் சுவரில் இருக்கட்டும்; மாலை சாத்தட்டும்; விளக்கு எரியட்டும். அவர் தேடிவைத்த வண்டி மட்டும் உயிரோடு இருப்பவர் பெயரில், எல்லார் பங்கும் தெரிந்து, எல்லார் காப்பும் உறுதியாகி ஓடட்டும். வண்டி வாங்கிய அன்று அவர் விரும்பியதும் அதுவாகத்தான் இருக்கும்.